ரத்தம் நின்ற இடத்திலிருந்து

ஜெர்மன் மொழியில் ‘ஷ்வைஸ்’ என்றால் வியர்வை. அந்நாட்டு வேட்டைக்காரர்களின் குழூஉக்குறியில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ரத்தம் என்று பொருள். அடிபட்ட விலங்கின் உடலிலிருந்து மண்ணில் சொட்டும் ரத்தம். அதைத் தொடர்ந்து போகும் நாய்க்கு ‘ஷ்வைஸ்ஹுண்ட்’ என்று பெயர். பிரான்சில் இதே வேலையைச் செய்யும் நாயைச் ‘சிவப்பின் நாய்’ என்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு அது ரத்தத் தட நாய். மூன்று நாடுகளிலும் பெயர் வைத்தவர்கள் ரத்தத்தையே பார்த்திருக்கிறார்கள். நாய் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்: நன்றாகப் பழகிய நாய்க்கு ரத்தம் ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம் நின்றுபோன இடத்திலிருந்துதான் அதன் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

இப்படி ஒரு நாய் எதற்கு என்று கேட்பவர்கள், சுடப்பட்ட மானுக்கு என்ன நேர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே அது சாய்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. இதயத்தையே துளைத்தாலும், மூளையிலும் தசைகளிலும் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீரும்வரை ஓடும். மானின் வேகத்தில் சில நொடிகள் என்பது நூறு மீட்டர். வில் வேட்டையில் இந்தத் தொலைவு இன்னும் கூடும். குண்டு பாய்ந்த வேகத்தில் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைத்துவிடுகிறது. அம்புக்கு அந்த வேகம் கிடையாது; அது வெட்டி, ரத்தத்தை இழக்கச் செய்துதான் கொல்கிறது. பட்ட இடம் ஒரு சாண் பின்னால் தள்ளிப்போய் இரைப்பையிலோ குடலிலோ விழுந்தால், மான் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். நடக்கும், படுக்கும், எழுந்து மறுபடி நடக்கும்.

ரத்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். மரத்தின் மேல் அமர்ந்து கீழ்நோக்கி எய்த அம்பு முதுகை ஒட்டி நுழைந்து, மறுபக்கம் வெளியேறாமல் போனால், ரத்தம் முழுவதும் மார்புக் கூட்டுக்குள்ளேயே தேங்கும். வெளியே ஒரு சொட்டும் வராது. வயிற்றுப் பக்கத்துக் காயங்களில் கொழுப்பும் குடலும் துளைக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். மானின் முடி பஞ்சுபோல ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, சாகப்போகும் மான் ஒன்று கைப்பிடி ரத்தம்கூடச் சிந்தாமல் அரைக் கிலோமீட்டர் போய் ஒரு புதருக்குள் படுத்துவிடலாம். எலும்பைத் தொடாமல் தசையை மட்டும் கிழித்துக்கொண்டு போன சிறு காயமோ, இருநூறு மீட்டருக்குப் பார்க்கச் சகிக்காத அளவு ரத்தத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அந்த மான் பிழைத்தும் கொள்ளும். ரத்தத்தின் அளவை வைத்து முடிவுக்கு வருகிற மனிதன் இரண்டு இடத்திலும் ஏமாறுகிறான்.

நாய் ஏன் ஏமாறுவதில்லை என்பதற்கு அதன் மூக்கின் பெருமையைச் சொல்வது வழக்கம். மனிதனுக்கு மோப்ப ஏற்பிகள் ஏறக்குறைய 50 முதல் 60 லட்சம், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்ற கணக்கு எல்லோரும் சொல்வதுதான். இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாய் உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமல் மூக்கின் பின்புறத்தில் மோப்பத்துக்கென்றே இருக்கும் அறைக்குள் பிரிந்து போகிறது. வெளியே விடும் மூச்சு, மூக்குத் துளையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்பக்கம் பாய்கிறது. முன்னால் கிடக்கும் வாசனையை அது ஊதிக் கலைப்பதில்லை. தரையை ஒட்டி முகர்ந்துகொண்டே மணிக்கணக்கில் நடக்க வேண்டிய ஒரு பிராணிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

அந்த மூக்குக்குத் தரையில் கிடைப்பது ரத்தம் மட்டுமல்ல. மிதிபட்ட புல்லின் சாறு, கிளறப்பட்ட மண், உதிர்ந்த முடி, தோல் செதில், எச்சில் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது குளம்பு. வெள்ளைவால் மானுக்கு நான்கு கால்களிலும், குளம்பின் இரு பிளவுகளுக்கு நடுவே, மெழுகு போன்ற ஒரு பசையைச் சுரக்கும் சுரப்பி இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அந்தப் பசை மண்ணில் ஒட்டுகிறது. ஒரு மானின் வாசனை இன்னொரு மானின் வாசனை அல்ல. பத்து மான்கள் நடந்த புல்வெளியைக் குறுக்கே கடந்து அடிபட்ட அந்த ஒன்றின் பின்னாலேயே பழகிய நாய் போவது இதனால்தான். பயிற்சி என்று சொல்வதன் உட்கரு இங்கே இருக்கிறது. மோப்பம் பிடிக்க நாய்க்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘இந்த ஒன்றை விட்டு வேறு எதன் பின்னாலும் போகாதே’ என்பதைத்தான் கற்றுத்தர வேண்டும். இளம் நாய்க்கு அது தன் இயல்பை எதிர்த்துக் கற்கும் பாடம். புதிதாக ஓடிய, துடிப்பான, ஆரோக்கியமான மானின் வாசனை அதை இழுக்கிறது. எட்டு மணி நேரம் ஆறிப்போன, சாகப்போகும் மானின் வாசனையோ சலிப்பூட்டுகிறது. இந்த இரண்டில் சலிப்பூட்டுவதைத் தேர்ந்தெடுக்கும் நாயை உருவாக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன.

வேலை மாறிய நாய்

இந்த நாய்களின் வரலாறு துப்பாக்கிக்கு முன்பே தொடங்குகிறது. இடைக்கால ஐரோப்பாவில் அரசர்களும் பிரபுக்களும் குதிரையேறி, நாய்க் கூட்டத்தை விட்டு மானைத் துரத்தினார்கள். காட்டில் எந்த இடத்தில் நல்ல கலைமான் தங்கியிருக்கிறது என்று விடியற்காலையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக ஒரு நாய் தனியே வளர்க்கப்பட்டது. அது குரைக்கக் கூடாது, ஓடக் கூடாது. நீண்ட வாரில் கட்டப்பட்டு, இரவில் மான் நடந்த பழைய தடத்தை மெல்ல முகர்ந்து காட்ட வேண்டும். துப்பாக்கி வந்த பிறகு துரத்தல் வேட்டை தேய்ந்தது. தூரத்திலிருந்து சுடப்பட்டுத் தப்பி ஓடும் மான்கள் பெருகின. ஆறிய தடத்தை அமைதியாகப் பிடிக்கத் தெரிந்த அந்தப் பழைய நாய்க்குப் புதிய வேலை கிடைத்தது.

வட ஜெர்மனியில் தனி அரசாக இருந்த ஹானோவரின் அரசவை வேட்டை மாளிகையில் இந்த வித்தை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. 1866இல் பிரஷ்யா ஹானோவரைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அரசவையோடு மாளிகையும் போயிற்று. நாய்கள் வனக்காவலர்களின் கைகளில் தங்கின. 1894இல் ‘ஹிர்ஷ்மான்’ என்ற சங்கம் தோன்றி ஹானோவர் இனத்தின் வளர்ப்பை ஒழுங்குபடுத்தியது. ஹானோவர் நாய் கனமானது; ஆல்ப்ஸ் மலைச் சரிவில் அதற்கு மூச்சு வாங்கியது. மலை நாய்களோடு கலந்து பவேரிய மலை நாய் என்ற இலகுவான இனத்தை உருவாக்கினார்கள். அதற்கு 1912இல் மியூனிக்கில் தனிச் சங்கம் வந்தது. பிரான்சின் தேசியச் சங்கம் மிகப் பின்னால், 1980இல் அமைந்தது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே நாய் என்றாலே மானைத் துரத்திச் சாகடிக்கும் கூட்டம் என்ற நினைவு வலுவாக இருந்தது. மான்கள் அருகிப்போன காலத்தில் வட மாநிலங்கள் பலவும் மான் வேட்டையில் நாயைப் பயன்படுத்துவதற்கே தடை விதித்தன. அந்தத் தடையில், வாரில் கட்டிய ஒற்றை நாயைக் கொண்டு ஏற்கெனவே சுடப்பட்ட மானைத் தேடுவதும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க் மாநிலத்து வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து கம்பிமுடி டாக்ஸ்ஹுண்ட் என்ற குட்டைக்கால் நாய்களைத் தருவித்து, அரசிடம் சோதனை அனுமதி பெற்று, இந்த வேலையைச் செய்துகாட்டினார். அவரைச் சுற்றி ‘டியர் சர்ச்’ என்ற அமைப்பு வளர்ந்தது. 1986இல் நியூயார்க் இதைச் சட்டப்படி அனுமதித்தது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா 2018இல்தான் இணங்கியது. ஒரு நாட்டில் கட்டாயமாக இருப்பது இன்னொரு நாட்டில் குற்றமாக இருந்திருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, சட்டம் நாயைப் பார்த்து எழுதப்படவில்லை, பழைய கசப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குட்டியிலிருந்து

எந்த இனம் சிறந்தது என்ற சர்ச்சைக்கு முடிவில்லை. டாக்ஸ்ஹுண்ட் மெதுவாகப் போகும். மூக்கு தரையிலிருந்து சில அங்குல உயரத்திலேயே இருக்கும். காரில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆழமான பனியிலும் முள் புதரிலும் திணறும். ஹானோவர், பவேரிய இனங்கள் இதற்கென்றே பிறந்தவை. ஆனால் நகரத்து வீட்டு நாயாக அவற்றை வைத்துக்கொள்வது அந்த நாய்களுக்குச் செய்யும் துரோகம். லாப்ரடார்களும் பீகிள்களும்கூட நன்றாகத் தேறியிருக்கின்றன. இனத்தைவிட, ஒன்றைப் பிடித்தால் விடாத பிடிவாதமும், அவசரப்படாத குணமும் உள்ள குட்டியா என்பதையே அனுபவசாலிகள் பார்க்கிறார்கள்.

குட்டிக்கு எட்டுப் பத்து வாரமானதும் வேலை தொடங்கிவிடும். வேலை என்று சொல்லக் கூடாது, விளையாட்டு. மானின் ஈரல் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் பத்து இருபது மீட்டர் நேராக இழுத்து, முடிவில் ஒரு சிறிய தோல் துண்டை வைப்பார்கள். குட்டி முகர்ந்துகொண்டே போய்த் தோலைக் கண்டதும் பெருங்கொண்டாட்டம். அதைக் கடிக்கலாம், இழுக்கலாம், தன் உடைமையாக்கிக்கொள்ளலாம். அந்த மகிழ்ச்சிதான் முதலீடு. கட்டளையிட்டு மோப்பம் பிடிக்க வைக்க முடியாது. தடத்தின் முடிவில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பின்னாளில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நாயை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

பிறகு ஈரல் போய் ரத்தம் வருகிறது. வேட்டைக் காலத்தில் சேகரித்து, உறையவைத்துப் பாதுகாத்த மான் ரத்தத்தைப் பிழியும் குப்பியில் நிரப்பிச் சொட்டுச் சொட்டாக விடலாம். அல்லது ஒரு கோலின் நுனியில் பஞ்சைக் கட்டி, ரத்தத்தில் தோய்த்து, அடிக்கொரு முறை தரையில் ஒற்றிக்கொண்டே போகலாம். கெட்டுப்போன ரத்தத்தைப் பயன்படுத்தக் கூடாது. அழுகல் நாற்றத்தைத் தேடப் பழகிய நாய் காட்டில் வேறெதையோ கண்டுபிடித்துத் தரும்.

தடம் மெல்ல மெல்லக் கடினமாகிறது. முதலில் நீளம், அடுத்து வளைவு, அதற்குப் பின் செங்கோணத் திருப்பம். காலையில் போட்ட தடத்தை மாலையில், மாலையில் போட்டதை மறுநாள் காலையில். நடுவில் மான் படுத்த இடம்போல மண்ணைக் கிளறி, கொஞ்சம் கூடுதலாக ரத்தம் விட்டு ஒரு போலிப் படுக்கை. போன வழியிலேயே திரும்பி வந்து பக்கவாட்டில் பிரிவது. அடிபட்ட மான்கள் உண்மையிலேயே செய்கிற தந்திரம் அது. கடைசியாக, மான்கள் நடமாடும் இடத்திலேயே தடத்தைப் போட்டு, இரவில் அவை குறுக்கே நடந்துபோக விடுவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை மட்டுமே கடினமாக்க வேண்டும். நீளத்தையும் நேரத்தையும் திருப்பத்தையும் ஒரே நாளில் கூட்டிவிட்டு, நாய் திணறும்போது அதைத் திட்டுபவர்களுக்கு நாய் வளர்க்கும் யோக்கியதை இல்லை.

இதற்கிடையே ரத்தத்தின் அளவு குறைந்துகொண்டே வரும். பல வேட்டைக்காரர்களுக்கு இதுதான் விளங்குவதில்லை. நீண்ட தடத்துக்கு நிறைய ரத்தம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியின் வேட்டைநாய்ச் சங்கத் தேர்வில் 1,000 மீட்டருக்குக் குறையாத தடத்துக்கு மொத்தமே கால் லிட்டர் ரத்தம். அதிலும் மூன்று செங்கோணத் திருப்பங்கள், இரண்டு போலிப் படுக்கைகள். தடம் ஓர் இரவைத் தாண்டி 20 மணி நேரம் ஆறிய பின்னரே நாயை விடுவார்கள். இன்னும் கடுமையான தேர்வில் 40 மணி நேரம். இதே வரிசையில் இன்னொரு தேர்வும் உண்டு. அதற்காக ஒரு விசித்திரமான காலணி இருக்கிறது. அடிப்பாகத்தில் இறந்த மானின் குளம்புகளைப் பொருத்திக்கொண்டு நடக்கலாம். குளம்புச் சுரப்பியின் வாசனை அடிக்கு அடி மண்ணில் பதியும், ரத்தம் பெயருக்குத்தான் இருக்கும். வேட்டைக்காரர் மான் காலில் நடந்துபோகும் காட்சி பார்ப்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், ரத்தத்தின் மீதே தொங்கிக்கொண்டிருக்கும் நாயை அதிலிருந்து விடுவிக்க இதைவிட நேரான வழி வேறில்லை.

வாரம் ஒருமுறைக்கு மேல் இந்தப் பயிற்சி தேவையில்லை. தினமும் செய்தால் நாய்க்கு அலுத்துவிடும். புத்திசாலி நாய்க்குச் சீக்கிரமே அலுக்கும். மற்ற நாட்களில் படு, இரு, வா என்ற சாதாரணப் பாடங்கள், கார்ப் பயணம், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகுதல். தடம் பிடிப்பதற்கென்று அகலமான கழுத்துப் பட்டையும் எட்டுப் பத்து மீட்டர் நீள வாரும் தனியே இருக்கும். வேறு எதற்கும் அவற்றை எடுக்கமாட்டார்கள். அந்தப் பட்டை கழுத்தில் ஏறியவுடன் நாயின் முகமே மாறிவிடுவதை யாரும் கவனிக்கலாம்.

செத்துக் கிடக்கும் மானைக் கண்டுபிடித்தால் அதை எப்படித் தெரிவிப்பது? வாரில் கட்டியிருக்கும்போது இந்தக் கேள்வி எழாது. அவிழ்த்துவிட்ட நாய்க்கு ஐரோப்பியர்கள் மூன்று வழிகளைப் பழக்கினார்கள். ஒன்று, மானின் அருகிலேயே நின்று ஆள் வரும்வரை குரைப்பது. இரண்டாவது, திரும்பி வந்து தன் நடத்தையால் ஆளை அழைத்துப்போவது. மூன்றாவது மிக அழகானது. நாயின் கழுத்தில் ஒரு சின்னத் தோல் பட்டை தொங்கும். மானைக் கண்டால் மட்டும் நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வரும். கவ்வாமல் வந்தால் காணவில்லை என்று பொருள். ஜி.பி.எஸ். கழுத்துப் பட்டை வந்த பிறகு இந்த வித்தைகளின் தேவை குறைந்துவிட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாயை நம்பத் தெரிய வேண்டும்

பயிற்சித் தடத்தில் முதல் சில மாதங்கள் நாய்க்காரருக்கு வழி தெரிந்திருக்கும். மரங்களில் நாடா கட்டி வைத்திருப்பார். நாய் சரியாகப் போகிறதா, விலகுகிறதா என்று பார்த்து, அந்தந்த நேரத்தில் அதன் வால் எப்படி இருந்தது, தலை எந்த உயரத்தில் இருந்தது, வார் எவ்வளவு இறுகியது என்று மனப்பாடம் செய்வதற்காகவே அந்த அடையாளங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வழி தெரிந்தவர், தன்னை அறியாமலேயே, திருப்பத்தில் சற்று நிதானிப்பார்; வாரில் ஒரு சின்ன இறுக்கம் விழும். நாய் மூக்கை விட்டுவிட்டு வாரைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். அதனால் ஒரு கட்டத்துக்குப் பின் தடத்தை வேறொருவர் போட வேண்டும். நாயோடு போகிறவருக்கு எதுவுமே தெரிந்திருக்கக் கூடாது.

உண்மையான தேடலில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை நாயினுடையவை அல்ல. மான் வடக்கே ஓடியது, அதை நானே பார்த்தேன் என்று வேட்டைக்காரர் சொல்வார். நாய் கிழக்கே இழுக்கும். நாய்க்காரர் மனிதனை நம்பி நாயைத் திருப்புவார். ஒரு மணி நேரம் வீணான பின் மறுபடி தொடக்கத்துக்கு வந்து, நாய் சொன்ன பக்கமே போனால், ஐம்பது மீட்டரில் ஒரு இலையின் அடிப்புறத்தில் ரத்தம் இருக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரிடமும் இந்தக் கதையின் ஒரு வடிவம் இருக்கிறது. நாயைக் கண்மூடித்தனமாக நம்பினாலும் ஆபத்துதான். புதிய மானின் வாசனை பட்டு நாய் தடம் மாறும்போது வேகம் கூடும், தலை உயரும், வார் தெறிக்கும். கடினமான தடத்தில் ஆழ்ந்திருக்கும் நாய் அப்படிப் பறக்காது; கஞ்சன் காசு எண்ணுவதுபோல நிதானமாகப் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னாலிருந்து பார்த்தே சொல்லத் தெரிந்தவர்தான் நாய்க்காரர். தடத்தை இழந்து நாய் வட்டமிடும்போது அவர் செய்யக்கூடிய உதவி, அசையாமல் நிற்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வேட்டைக்காரர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது ஒன்றும் செய்யாமல் இருப்பது. சுடப்பட்ட இடத்தில் கிடப்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலிலிருந்து வந்தது; அரை மணி நேரம் பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல். நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பச்சையும் பழுப்பும் கலந்து நாற்றமடித்தால் குடல்; எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. குடலில் காயம்பட்ட மான் முதுகைக் கூனிக்கொண்டு, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே படுத்துவிடும். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அங்கேயே சாகும். அவசரப்பட்டுப் போய் எழுப்பிவிட்டால், வலியோடும் பயத்தோடும் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் போய்விடும்; அந்த இரண்டாவது ஓட்டத்தில் ரத்தமும் இருக்காது. எலும்புத் துணுக்கு கிடந்தால் கால் முறிந்திருக்கிறது. பல்லும் எச்சிலும் கிடந்தால் தாடை. இந்தத் தாடைக் காயம்தான் எல்லாவற்றிலும் கொடியது. ரத்தம் சீக்கிரம் நின்றுவிடும், மான் நன்றாக ஓடும், ஆனால் தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். இத்தகைய மானை நாய் இல்லாமல் தேடிப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கண்டாலும் நாயை அவிழ்த்துவிட்டு மறித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

பொறுக்க முடியாமல் நண்பர்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து இரவெல்லாம் விளக்கோடு வரிசையாக நடந்து தேடிவிட்டு, கடைசியில் நாய்க்காரரை அழைப்பது நடைமுறையில் அதிகம் நடக்கிறது. ஆறு ஜோடிக் காலணிகளும் ரத்தத்தை மிதித்து நாலாபக்கமும் எடுத்துப்போயிருக்கும். ஒரே வரியாக இருந்த தடம் கறை படிந்த விரிப்பாகிவிடும். மழை பெய்ததை நாய்க்காரர்கள் இவ்வளவு சபிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தைக் கரைத்தாலும் மிதமான மழை ஈரத்தைத் தருகிறது, ஈர மண் வாசனையைப் பிடித்து வைக்கிறது. வெயிலும் வறண்ட காற்றும்தான் எதிரி.

சட்டத்தின் பக்கம் வந்தால், ஐரோப்பாவின் வடபகுதி இதைப் பொறுப்பாகவே பார்க்கிறது. ஸ்வீடனில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், விலங்கு காயம்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பழகிய நாய் ஒன்று அந்த இடத்துக்கு வந்துசேர ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். நார்வேயில் மூஸ், செம்மான், ரோ மான் வேட்டைக்குத் தேர்வு பெற்ற தேடுநாய் ஒன்றின் உதவி உறுதியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற நாயும் ஆளும் பல மாநிலங்களில் பக்கத்து வேட்டை எல்லையைத் துப்பாக்கியோடு கடக்கலாம். மற்றவர்களுக்கு அது முன்அனுமதி இல்லாமல் முடியாத காரியம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் வார் கட்டாயம். டெக்சாஸில் இரண்டு நாய்களுக்கு மேல் கூடாது. ஸ்வீடன் இன்னொரு படி மேலே போய், சாலையில் வாகனம் மோதிக் காயத்தோடு காட்டுக்குள் ஓடும் மான்களுக்கும் இதே நாய்களை வைத்திருக்கிறது. ஓட்டுநர் காவல்துறைக்குத் தெரிவித்தால், பதிவுசெய்த வேட்டைக்காரர் ஒருவர் நாயோடு நடுராத்திரியிலும் வந்து தடத்தைப் பிடிக்கிறார். எனக்குத் தெரிந்து இந்த வித்தையின் மிக நியாயமான பயன்பாடு இதுதான். வேட்டையை வெறுப்பவரும் மறுக்க முடியாது.

சமீப ஆண்டுகளில் போட்டிக்கு வந்திருப்பது வெப்பத்தைப் பார்க்கும் டிரோன். அமெரிக்காவில் சில நிமிடங்களில் வயல்வெளியை அலசி மானைக் காட்டிவிடுகிறார்கள். மிச்சிகன் மாநிலம் இதற்கு அனுமதி மறுத்ததால் 2023இல் வழக்கே நடந்தது. இலையுதிர்ந்த காட்டில், உடல் சூடு ஆறாத மானுக்கு டிரோன் பொருத்தமானதுதான். ஆனால் அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, இரவெல்லாம் குளிரில் கிடந்து ஆறிய உடலும் மண்ணோடு மண்ணாகிவிடும். அது பத்து மான்களைக் காட்டும். அடிபட்டது எது என்று சொல்லாது. நாய் ஒன்றைத்தான் காட்டும்.

எல்லாத் தேடலும் மானில் முடிவதில்லை. தசைக் காயத்தோடு பிழைத்துக்கொள்ளப்போகிற மான்களின் பின்னாலும் அழைப்பு வருகிறது. ஒரு கிலோமீட்டர் போன பின்னும் படுக்கையில் ரத்தம் இல்லை, மான் மேட்டில் ஏறியிருக்கிறது, வேலியைத் தாண்டியிருக்கிறது, மற்ற மான்களோடு சேர்ந்துவிட்டது என்றால் நாய்க்காரர் நின்றுவிடுவார். வேட்டைக்காரருக்கு அது ஏமாற்றம். ஆனால் அவர் தூங்கப் போகலாம், மான் உயிரோடு இருக்கிறது. நாய்க்கு அதை விளக்க முடியாது. தடத்தின் முடிவில் எதுவும் இல்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் பழகிய நாய்க்காரர்கள் வண்டியில் எப்போதும் ஒரு தோல் துண்டு வைத்திருக்கிறார்கள். வேட்டைக்காரரிடம் விடைபெற்ற பின், சாலையோரப் புல்வெளியில் நாய் பார்க்காதபோது நாற்பது ஐம்பது மீட்டருக்கு அதை இழுத்துக்கொண்டு போய் ஒளித்துவைத்து, பட்டையை மறுபடி கட்டி, நாயைக் கண்டுபிடிக்க விடுகிறார்கள்.